முக்கால் அங்குலம்

டொல்பின் வானுக்குள்
குறுக்கே படுத்துப் பார்த்தேன்.
தலை ஒரு தகட்டில், குதிகால் மறு தகட்டில்
முட்டாத குறை.
நான் ஐந்தடி. வான் ஐந்தடி ஒன்றரை அங்குலம்.
மிச்சம் கிடக்கிற அந்த ஒன்றரைக்குள்தான்
வாழைச்சேனை வெயிலை மறிக்கவேணும்.

தவேந்திரன் கடையில் ரெஜிபோம்
இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக இல்லையாம்.
"மொத்தம் கூடினால் குளிர்ச்சி கூடும், அக்கா."
அவனுக்கென்ன, வீட்டில் கால் நீட்டிப் படுக்கிறவன்.
கண்ணாடிப் பஞ்சு மலிவு.
ஒரு பிடி பிய்த்துப் பார்த்ததற்கு
இரவு முழுக்க முழங்கை வரை சொறி,
காஞ்சோண்டிப் பற்றைக்குள் கை விட்ட மாதிரி.
"தும்பு போடன், நம்மட ஊர்ச் சாமான்" என்றாள் ஜெயவதனி.
போடலாம்.
மார்கழியில் குடித்த தண்ணியை அது
பங்குனி வரைக்கும் துப்பாது.
மறுகா, கறள்.
நான் தையல் மெஷின் திருத்துகிறவள்;
கறள் எப்போதும்
கண் போகாத பக்கத்திலிருந்துதான் வரும்.

வாகரையில் மூன்று மெஷினுக்கு மேல் பார்த்தால்
கடைசி பஸ் போய்விடும்.
கழற்றினது பாதி, பூட்டினது பாதியாக விட்டுவிட்டு
ஓடி ஓடி அலுத்துத்தான் இந்த வான்.
இதைச் சொன்னால் ஒருவரும் நம்புகிறதில்லை.
"பொம்பிளை தனியா எங்க போய்ப் படுக்கப் போறா?"

ஞாயிறு மத்தியானம்
டிங்கரிங் இஸ்ஸத்தீன் வந்தார், மகனோடு.
நாலு பால்மா டின். மூன்றுக்குச் சட்டை:
தும்பு,
பாரை மணக்கிற பழைய மீன்பெட்டி ரெஜிபோம்,
ஏசிக் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரை.
நாலாவது அம்மணம்.
ஐஸ் உடைத்து, நிறுத்துப் போட்டு,
வான் கூரையில் ஏற்றிவிட்டு நிழலுக்குள் போனோம்.

இரண்டு மணிக்கு
அம்மணத்தில் தேத்தண்ணி ஊற்றலாம்.
தும்பில் தண்ணி.
ரெஜிபோமில் கொட்டைப்பாக்களவு ஐஸ்,
வெட்டின விளிம்பில் ஏற்கெனவே சிற்றெறும்பு.
கறுப்பு நுரையில் இருந்தது
அதைவிடப் பெரிதா, சிறிதா என்று
கொப்பியில் எழுதுவதற்குள்
பொடியன் எடுத்து வாய்க்குள் போட்டுவிட்டான்.

பெரிது என்றே எழுதினேன்.
அரை அங்குலம்தானே அது.
நுரை அரை, பலகை கால்:
ஒரு பக்கத்துக்கு முக்கால்.
இனி மயிரைக் கொண்டை போட்டுப் படுக்க ஒண்ணாது.

கூரைக்கு வெள்ளித்தாள்.
"தகட்டோட ஒட்டிராதீங்க" என்றார் இஸ்ஸத்தீன்,
வாயில் ஆணி வைத்துக்கொண்டு.
"நடுவுல வெறும் இடம் உடணும்.
அது இல்லாட்டி தாள் வேலை செய்யா."
எனக்குச் சிரிப்பு வந்தது.
நாற்பத்தொரு வயது வரைக்கும்
என்னுடைய வெறும் இடத்தைப் பற்றி
எத்தனை பேர் வந்து பேசியிருக்கிறார்கள்.
அளவு சொன்னவர் இவர் ஒருவர்தான்:
முக்கால் அங்குலம்,
சுற்றிவர ஒரே சீராக.

பின்கதவுக்குக் காசு காணவில்லை.
தகடாகவே விட்டோம்.

பனிச்சங்கேணி, மார்கழி, முதல் இரவு.
மழை பெய்தது என்பதை
காலையில் சேற்றைப் பார்த்துத்தான் அறிந்தேன்.
பின்கதவு மட்டும் வேர்த்திருந்தது,
ஓர் இரவு முழுக்க விட்ட மூச்சு.
அதன்மேல் விரலால் எழுதினேன்:
பதினாலாம் நம்பர் ஊசி, ஆறு.
பெல்ட், ஒன்று.
பொபின் கேஸ் என்று தொடங்குகையில்
பெல்ட் வழிந்து ஊசிக்குள் இறங்கிவிட்டது.

கதவைத் தள்ளினேன்.
ஒருத்தி, மெஷின் தலையை இடுப்பில் வைத்தபடி,
பாவாடை முழங்கால் வரை நனைந்து.

"எவ்வளவு நேரமாத் தட்டுறன்,
கேக்கல்லியாகா?"